தலைப்புக்குப் பிறகு ஒரு மூச்சு

சர்ர்ரக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி சர்ர்ரக், இந்தத் தடவை நீளமாக, முடிகிற இடத்தில் எதன்மேலோ மெல்ல முட்டிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே தணிகாசலம் அதை அளந்துவிட்டான். தரை மொசைக், இழுபடுவது பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிமேல் பாரம் எதுவும் இல்லை, இழுக்கிற கைக்கு அவசரமும் இல்லை. இதையே இரண்டு சுருதி இறக்கி, வேகத்தைப் பாதியாக்கி, ஆளில்லாத மாடிப்படியைக் காட்டும்போது அடியில் விட்டால் போதும், தியேட்டரில் முன்வரிசைக்காரன் காலைத் தூக்கி சீட்மேல் வைத்துக்கொள்வான். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். எந்தச் சத்தமும் அவன் காதுக்குச் சும்மா வருவதில்லை, எனக்கு என்ன வேலை தருவாய் என்று கேட்டுக்கொண்டேதான் வருகிறது. அதற்கப்புறம்தான் உறைத்தது. நாற்காலியை எதற்கு இழுக்கிறாள்? பரணுக்கா? பரண்மேல் இரண்டு வருஷத் தூசி கிடக்கிறதே. "ஏய் பூங்கா, பரண்ல ஏறாத," என்று படுத்தபடியே கத்தினான். "யாரு ஏறுனா? பல்லி ஒண்ணு அடுப்பாண்ட நிக்குது, தொரத்திக்கினு இருக்கேன். நீ தூங்குய்யா," என்று சமையலறையிலிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. பேச்சு முடிந்து அவள் இழுத்த மூச்சு சுத்தமாக இருந்ததா, அல்லது அதன் அடியில் நூல் மாதிரி அந்த விசில் ஒட்டிக்கொண்டிருந்ததா என்று பெண்டாட்டியின் மூச்சைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். சுத்தமாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தான். திறந்ததற்கும் மூடியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் தனக்கென்று செய்துகொண்ட இருட்டு அது. ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு சார்ட் அட்டை, ஒரு மூலையில் மட்டும் பசை விட்டுப்போய், அந்தப் பிளவு வழியாக வெயில் சுவரில் ஒரு கோடு போட்டிருந்தது. தலையணைக்கடியில் தடவிப் போனை எடுத்தான். ஒன்பது ஐந்து. பத்து நாற்பத்தைந்துக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம்.

பத்து நாற்பத்தைந்து நல்ல நேரம். வியாழக்கிழமை பத்தரைக்குமேல் விட்டால்தான் படம் ஓடும் என்று புரொட்யூசரின் ஜோசியர் சொல்லிவிட்டார். பேய்ப் படத்துக்கு ராகுகாலத்தில் விட்டால்தானே பொருத்தம் என்று படத்துக்குச் சத்தம் சேர்க்கிற மிக்ஸிங் ரூமில் தணிகாசலம் ஒரு ஜோக் அடித்தான், யாரும் சிரிக்கவில்லை. அந்த நல்ல நேரத்தில் இரண்டு நிமிஷம் எட்டு செகண்ட் ஓடும் ஒரு டிரெய்லர் ஊருக்குள் இறங்கும். எல்லாம் முடிந்து, சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர் வந்து போனபிறகு, வெறும் கறுப்புத் திரையில், இசை கிடையாது, வசனம் கிடையாது, ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். அந்த மூச்சு பூங்காவனத்துடையது. அது அவளுக்குத் தெரியாது. ஆறேகால் மணிக்கு வந்து படுத்ததிலிருந்து அவனைத் தூங்கவிடாமல் புரட்டிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அவளிடம் சொல்வதா, அவளாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதா, தெரியாமலே போய்விடும் என்று படுத்திருப்பதா. மூன்றாவதுதான் சுலபம். மூன்றாவதை நினைத்தவுடனே உடம்பு படுக்கையில் நிற்க மாட்டேன் என்கிறது. இடதுபக்கம் திரும்பினால் காது தலையணையில் அழுந்தித் தன் ரத்தம் ஓடுகிற சத்தமே கேட்கிறது, தொம் தொம் என்று. அதையும் விற்றிருக்கிறான், எத்தனையோ படத்துக்கு. கதாநாயகி கதவுப்பிடியைத் தொடும்போது போடுகிற இதயத்துடிப்பு. அதற்கு எவன் இதயமும் வேண்டாம், தலையணைமேல் ஈரத்துணியைச் சுருட்டிக் குத்தினால் போதும்.

எல்லா டிரெய்லரும் ஒரே அச்சுதான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரக்கோணத்தில் மைக் செட் கடையில் ஆம்ப்ளிஃபயர் தூக்கினவன், எந்தக் கல்லூரியில் போய்ப் படித்தான்? கம்ப்யூட்டரில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளைக்கூடப் படமாகத்தான் மனப்பாடம் பண்ணினான், இரண்டு கொம்பு வைத்த சொல் என்றால் வெட்டு, வால் நீண்ட சொல் என்றால் ஒட்டு என்று. நூறு டிரெய்லரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்ததில் தானாகப் பிடிபட்டது. முதலில் மேலேயிருந்து ஒரு கார், மலைப்பாதை, பச்சைப் பசேல். காருக்குள் புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை, குழந்தை கையில் கண்டிப்பாக ஒரு பொம்மை. பங்களா முன்னால் இறங்கியதும் பெண்டாட்டி, "வீடு சூப்பரா இருக்குல்ல?" என்று சொல்லியாக வேண்டும். அந்த வசனம் வராமல் எந்தப் பேயும் டூட்டிக்கு வராது. அப்புறம் முதல் கறுப்பு, அரை செகண்ட். கண் சிமிட்டுகிற மாதிரி. அடுத்த காட்சியில் வெளிச்சம் ஒரு மாத்திரை குறைந்திருக்கும், அதைப் பார்க்கிறவன் கவனிக்கக் கூடாது. குழந்தை சுவரைப் பார்த்துச் சிரிக்கும். "அங்க ஒரு ஆன்ட்டி நிக்கிறாங்கம்மா." தாலாட்டு ஒன்று, நாலு ஸ்வரம் போதும், சாவி தீர்ந்துபோன பொம்மை மாதிரி தளர்ந்துகொண்டே வரவேண்டும். குடும்பத்தோடு தியேட்டருக்கு வரவேண்டுமே, அதனால் காமெடியனுக்கு ஒரு வசனம். உடனே ஒரு பொய்ப் பயம், கப்போர்டைத் திறந்தால் பூனை. பார்க்கிறவன் பூனைதானே என்று மூச்சை வெளியே விடுவான் பார், அந்த விடுகிற மூச்சின் பாதியில்தான் நிஜத்தை அடிக்க வேண்டும். கோயில் மணியைப் பின்பக்கமாக ஓடவிட்டால் சத்தம் தேய்வதற்குப் பதிலாக வீங்கி வந்து சட்டென்று நிற்கும், நின்ற இடத்தில் முகம். ஆறு ஃப்ரேம், ஏழாவது ஃப்ரேம் காட்டினால் மேக்கப் தெரிந்துவிடும். அதன்பிறகு ஓட்டம், வெட்டு, ஓட்டம், வெட்டு, எலுமிச்சம்பழம், கிணறு, கண்ணாடி, போர்வைக்குள் ஒரு கை, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அடி. சட்டென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படத்தின் பெயர். பெயர் வந்ததும் முடிந்தது என்று எல்லோரும் போனைக் கீழே வைக்கப் போவார்கள். அங்கேதான் கடைசிக் குத்து. இதில் கழுத்து முறிகிற சத்தத்துக்குத்தான் போன மாசம் வீட்டிலிருந்து முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு போனான். "சாம்பாருக்கு வெச்ச முருங்கக்கா எங்கய்யா?" என்று பூங்காவனம் தேட, "நாலு பேரு கழுத்த முறிச்சிட்டேன்," என்றான். "அந்த நாலு பேரையும் மத்தியானம் சோத்துக்குக் கூட்டிக்கினு வா, அவனுங்களுக்கும் ரசம்தான்," என்றாள். அவள் சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது.

இருமல், இழுப்பு. வைகாசியில் ஆரம்பித்தது. கிளினிக்குப் போனால் இழுப்பு இருக்காது, டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும்போது அவள் நுரையீரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒழுங்காக நடந்துகொள்ளும். "அடுத்த தடவை வரும்போது போன்ல பதிவு பண்ணிக் கொண்டுவாங்க, கேக்கறேன்," என்றார் டாக்டர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, இதே அறையில், இதே கட்டிலில், தூங்கிக்கொண்டிருந்த தணிகாசலத்தின் தோளைத் தட்டி எழுப்பினாள். பேச முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது போனில். ஆனால் போன் மைக்கில் என்ன பதியும், அடிச்சத்தம் எல்லாம் அறுந்துபோகும். பீரோ மேலிருந்து ரெக்கார்டரை எடுத்தான், ரோமம் போர்த்திய அந்த நல்ல மைக்கையும் மாட்டினான். ஹெட்போனைக் காதில் போட்டுக்கொண்டான். டாக்டர் கேட்டார், எழுதிக்கொடுத்தார், மருந்து மாற்றினார், எல்லாம் சரியாகப் போயிற்று. அந்தப் பதிவு மட்டும் அவன் டிஸ்க்கில் கிடந்தது, பூங்கா மூச்சு என்று பேரெழுதி, காற்று, மழை, நாய், லாரி என்கிற வரிசையில். எடிட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. சரியான சத்தம் கிடைக்கிற வரைக்கும் கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றைப் போட்டு இடத்தைப் பிடித்து வைப்பது, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. அதற்கு டெம்ப் என்று பேர். கறுப்புத் திரைக்கு ஒரு மூச்சு வேண்டும், இப்போதைக்கு இது இருக்கட்டும், நாளைக்கு டப்பிங் ஆர்ட்டிஸ்டை வரவழைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் துண்டைப் போட்டான். துண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. டைரக்டர் கிரிதரன், கோயம்புத்தூர்ப் பையன், முதல் படம், பதினாலு நாள் அந்த டெம்ப்பையே கேட்டுக் கேட்டு மயங்கிப்போனான். ஆர்ட்டிஸ்ட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி பதினைந்து வருஷமாகப் பேய்க்கு மட்டுமே குரல் கொடுக்கிறவள், மூச்சிலேயே சங்கீதம் போடுவாள். கிரிதரன் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்ணா, ஆனா அது இல்லீங்க. பழசையே போடுங்ணா," என்றான். போட்டான். "இத எப்படிங்ணா புடிச்சீங்க? எனக்கு முதுகெல்லாம் புல்லரிக்குது," என்று அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டபோது, அதுவரை எந்த டைரக்டரும் பிடிக்காத கை அது, "அது ஒரு ஐடியா," என்றான் தணிகாசலம். அது ஒரு ஐடியா. இந்த மூன்று வார்த்தையைத்தான் இப்போது திரும்பத் திரும்ப மென்றுகொண்டு கிடக்கிறான். ஒன்பது இருபத்தாறு.

மூன்று பேராலும் ஏன் முடியவில்லை என்று கிரிதரனுக்குத் தெரியாது. தணிகாசலத்துக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது, கடைசி மிக்ஸிங்கில், பதிவைத் திரையில் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும்போது. மூச்சு, மூச்சு, மூச்சு. நடுவில் அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள். "அத்த எடு." அத்த என்றால் இழுப்புக்கு உறிஞ்சுகிற அந்த நீல மருந்துக் குப்பி, மேஜை டிராயரில் இருக்கும், கட்டிலிலிருந்து எழுந்து கையை நீட்டினால் எட்டும். வார்த்தைக்குப் பிறகு மறுபடி மூச்சு. அதன்பிறகு டிராயர் இழுபடும் சத்தம், கட கட, ஒரு முட்டல். வார்த்தைக்கும் டிராயருக்கும் நடுவில் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே எண் போட்டுக் காட்டுகிறது. பதினோரு செகண்ட். வார்த்தையையும் வெட்டி, டிராயரையும் வெட்டி, நடுவில் இருந்ததைத்தான் கறுப்புத் திரைக்குக் கொடுத்திருந்தான், வேறு எந்த இடத்தையும் அல்ல. கைக்குத் தெரிந்திருக்கிறது, எது நல்ல இடம் என்று. பயம் என்பது சத்தத்தில் இல்லை, வரப்போகிற சத்தத்துக்காகக் காத்திருப்பதில்தான் இருக்கிறது என்று வேலை கற்க வருகிற பையன்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறான். ஏழு செகண்டுக்குமேல் காத்திருக்க வைக்காதே, எட்டாவதில் செருமுவான், ஒன்பதாவதில் போனை எடுப்பான். ஆனால் இந்தப் பதினோரு செகண்டில் மிக்ஸிங் ரூமில் ஒருத்தரும் செருமவில்லை. மற்ற மூன்று பேரும் மைக்குக்கு முன்னால் மூச்சு விட்டார்கள். இவள் ஒரு மனுஷனுக்கு முன்னால் விட்டாள், அவன் எழுந்து எடுத்துக்கொடுப்பான் என்று. அந்தப் பதினோரு செகண்ட் அவன் என்ன பண்ணினான்? ரெக்கார்டரில் சத்தத்தை அளக்கிற முள் சிவப்புக்குப் போயிருந்தது. ஞாபகம் இருக்கிறது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, முள் சிவப்பைத் தொட்டால் சத்தம் கிழிந்துவிடும் என்று குமிழைத் திருகிக் குறைத்துக்கொண்டிருந்தான். குமிழ் திருக இரண்டு செகண்ட் போதும். மிச்சம் ஒன்பது? டாக்டருக்காகத்தான். டாக்டர்தானே பதிவு பண்ணச் சொன்னார். டாக்டர் போனில் பண்ணச் சொன்னார். சரி, போனில் பண்ணியிருந்தாலும் ஒரு ஐந்து செகண்ட் ஆகியிருக்காதா? எவனும் தூக்கத்திலிருந்து எழுந்து பளிச்சென்று டிராயருக்குப் பாய மாட்டான். தூக்கத்திலிருந்து எழுந்தவன் மைக்கின் ரோமத்தைச் சரியாக மாட்டினானே. ஹெட்போனை இடது வலது பார்த்துப் போட்டானே. நல்ல சத்தம். அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது அதுதானா, என்ன ஒரு நல்ல சத்தம் என்றா? இல்லை. இருக்காது. இருந்தால் ஞாபகம் இருக்குமே. பதிவில் அவன் நினைத்தது கேட்காது.

ஒன்பது நாற்பது. பாய் வியாபாரி தெருவில் கத்திக்கொண்டு போனான், கோரப்பாய், பிளாஸ்டிக் பாய். கோரைப்பாயை மடக்கினால் விலா எலும்பு முறிகிற சத்தம். ஏன் இப்படி, ஒரு பாய் பாயாகவே இருக்கக்கூடாதா. யாருக்குத் தெரியப்போகிறது என்று புரண்டு படுத்தான். பூங்காவனம் பேய்ப் படமே பார்ப்பதில்லை. அவன் வேலை செய்த டிரெய்லர்களை மட்டும் ஒருதடவை பார்ப்பாள், அதுவும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு. "சத்தம் இல்லாம பாரேன், ஒரு பொம்பள ராவுல தனியா வீட்ல நடந்துக்கினு இருக்கா, அவ்ளோதான். பேயெல்லாம் உன் கையிலதான்யா இருக்கு," என்பாள். அதனால் கேட்க மாட்டாள். கேட்டாலும் போன் ஸ்பீக்கரில் என்ன தெரியும்? முன்பெல்லாம் பயத்தை வயிற்றுக்குள் இறக்குவார்கள், காதுக்கே எட்டாத அடிச்சத்தம், தியேட்டரில் நாற்காலி நடுங்கும். இப்போது எல்லாரும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்கள், உள்ளங்கையில் வயிறு கிடையாது. பயத்தை மேலே தூக்கித் தொண்டைக்குக் கொண்டுவந்தாயிற்று. கீறல், உரசல், மூச்சு. தொண்டையில் வருவதெல்லாம் போனில் நன்றாகவே கேட்கும். நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் நாலு ராத்திரி இழைத்திருக்கிறான். சரி, கேட்டாலும் தன் மூச்சு தனக்கே அடையாளம் தெரியுமா? தெரியாது. அவள் தங்கச்சிக்குத் தெரியலாம், சின்ன வயசில் பக்கத்தில் படுத்துத் தூங்கினவள். அக்கா, உன்ன மாதிரியே ஒரு பேயி மூச்சு வுடுதுக்கா. அப்படிச் சொல்வாளா? சொன்னால்? சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் என்ன. எப்படி ஆரம்பிப்பது. பூங்கா, ஒரு விஷயம். ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாலே அடியில் இசை கொடுத்த மாதிரி இருக்கிறது. சும்மா பேச்சுவாக்கில், அந்த டாக்டருக்குப் புடிச்சமே, அதுல ஒரு துண்டு, என்று இழுத்து, சம்பளத்துக்கு மேல ஏதாவது போட்டுக் குடுப்பாங்க, என்று முடித்தால்? பதினோரு செகண்டைச் சொல்ல வேண்டியதில்லை. காரைக் காட்டலாம், பங்களாவைக் காட்டலாம், பூனையைக் காட்டலாம். டிரெய்லர் என்றாலே முக்கியமானதைக் காட்டாமல் இருப்பதுதானே. படுத்தபடியே வாக்குமூலத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்து எழுந்து உட்கார்ந்தான். டிரெய்லரின் முதல் அட்டையில் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று கிரிதரன் போட்டிருக்கிறான். எந்தச் சம்பவம் தம்பி என்று கேட்டதற்கு, "எதாச்சும் ஒண்ணு எங்கயாச்சும் நடந்துருக்கும்ல்லங்ணா," என்றான்.

பத்து நாலுக்கு கிரிதரனைக் கூப்பிட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்தான். "சொல்லுங்ணா, தூங்கலியா நீங்க? எனக்கும் தூக்கமே இல்லீங்க." "தம்பி, அந்தக் கடைசி மூச்ச மாத்திடலாம்." பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது, எங்கோ சிக்னலில் நிற்கிறான். "வெளையாடறீங்களா? அது ஏத்தியாச்சுங்ணா. டைம் செட் பண்ணி வெச்சாச்சு." "எறக்க முடியாதா? அரை மணி நேரத்துல வேற போட்டுக் குடுக்கறேன், ஆர்ட்டிஸ்ட் பண்ணது இருக்கு." "நல்ல நேரம் போயிருமுங்ணா, புரொட்யூசரு என்ன உசுரோட விடமாட்டாரு. என்னாச்சு, காப்பிரைட்டுப் பிரச்சினையா? எங்கிருந்தாச்சும் உருவுனதா?" தணிகாசலத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டிலிருந்து உருவினது. "அதெல்லாம் இல்ல," என்றான். "அப்பறமென்ன? அண்ணா, கேளுங்க, நேத்து எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசில எங்கம்மா அழுதுட்டாங்க. பேய்ப் பட டிரெய்லருக்கு யாராச்சும் அழுது பாத்திருக்கீங்களா? அத எடுத்தா படத்துல என்னங்ணா இருக்குது?" தணிகாசலம் போனை வைத்துவிட்டான். அந்த அம்மா அழுதிருக்கிறாள். யாரென்றே தெரியாத ஒரு கோயம்புத்தூர் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில், முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, வேறெதுவும் கேட்காமல், அது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, பதினோரு செகண்ட் கேட்கவில்லை. கட்டில் விளிம்பிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தான், கால் இரண்டும் தரையில் ஜில்லென்று இருந்தன. எழுந்தான், லுங்கியை இறுக்கினான், கதவைத் திறந்தான். பகல் வந்து முகத்தில் அறைந்தது. எப்போதும் அப்படித்தான், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வெட்டு, நடுவில் எதுவும் இல்லாமல்.

பூங்காவனம் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளின தலைகள் ஒரு பேப்பரில், உடம்பெல்லாம் ஒரு கிண்ணத்தில். "தூங்கலியா? மூஞ்சப் பாரு, நீயே பேயி மாதிரி இருக்க. டீ போடவா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டி எதிரில் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பது. பேச வேண்டும். கருவாட்டைக் கிள்ளும் சத்தம் டிக், டிக் என்று விழுந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு வேலையும் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் தங்கச்சி மகன் வேலைக்குப் போன கதையைச் சொன்னாள், கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போடாத கதையைச் சொன்னாள். அவன் உம் கொட்டினான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இப்போது இப்போது என்று நினைத்தான், நினைத்து முடிப்பதற்குள் அவள் அடுத்ததை ஆரம்பித்தாள். பத்து நாற்பத்தேழுக்கு அவன் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. கிரிதரன் இணைப்பை அனுப்பியிருந்தான், கீழே நாலு நெருப்புப் படம். "வந்துடுச்சா?" என்றாள் பூங்காவனம், கையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "குடு பாக்கலாம். எத்தினி ராத்திரி முழிச்ச இதுக்கு." அவள் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைத் தேடினாள். அவன் போன், பொத்தான் வேறு பக்கம். குறைத்துக்கொடுத்திருக்கலாம். கட்டை விரலை அதன்மேல் வைத்துமிருந்தான். எடுத்துக்கொண்டான். "இந்தத் தபா சத்தத்தோட பாரு," என்றான்.

கார் போயிற்று. பங்களா வந்தது. வீடு சூப்பராக இருக்கிறது என்றார்கள். பூனைக்கு அவள் "ஐயே" என்றாள், மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், "முடிஞ்சிதா, முடிஞ்சிதா," என்று கேட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருங்கைக்காய் முறிந்தது. பெயர் வந்தது, சிவப்பில். "அப்பாடா," என்று போனைக் கீழே வைக்கப் போனாள். மூச்சு ஆரம்பித்தது. கை அப்படியே நின்றது. கறுப்புத் திரையில் ஒன்றுமில்லை, அவள் முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அவள் திரையைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். ஏழு, எட்டு, ஒன்பது. எண்ணாதே. பத்து. பதினொன்று. முடிந்தது.

"இது இன்னாய்யா?" என்றாள். "பேயா இது? பேயி மாதிரி இல்லியே."

"பின்ன எப்படி இருக்கு?"

"யாரையோ பாத்துக்கினு இருக்கா பாவம். யாரு, எதிர்ல யாரோ இருக்காங்க. எதுனா எடுத்துக் குடுக்கக் கூடாதா அவுங்க?"

இங்கே நிறுத்திவிடலாம். இதைவிட நல்ல இடம் வெட்டுவதற்குக் கிடையாது. ஆமாம், நடிகை நன்றாகப் பண்ணியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், சார்ட் அட்டை ஒட்டின அறைக்குள் கவிழ்ந்து படுத்தால் சாயங்காலம் வரைக்கும் தூக்கம் வரும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்து எடுக்கிற சத்தம் அவனுக்கே கேட்டது.

"அது நீதான் பூங்கா," என்றான். "டாக்டருக்குப் புடிச்சமே, அந்தச் செவ்வாக்கெழம. அதுலேந்து எடுத்தது. நீ அத்த எடுன்னு சொன்னதுக்கும், நான் டிராயரத் தொறந்ததுக்கும் நடுவுல இருக்கறது. பதினோரு செகண்ட். மிஷினப் பாத்துக்கினு இருந்துட்டேன். சத்தம் ஓவரா போயிடுச்சின்னு கொறச்சிக்கினு இருந்தேன்."

அவள் போனை எடுத்து மறுபடி ஓடவிட்டாள். காரையும் பங்களாவையும் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனாள், அந்த மூச்சை மட்டும் கேட்டாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை. நெற்றி சுருங்கியிருந்தது, யார் வீட்டுச் சாவியோ கையில் கிடைத்து எந்தப் பூட்டுக்கு என்று பார்க்கிறவள் மாதிரி.

"மிஷின மட்டும் பாத்துக்கினு இல்ல," என்றாள். "வெரல தூக்கிக் காட்டுன."

"என்னா வெரலு?"

"இப்புடி." வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைக் காட்டினாள், அதில் கருவாட்டுச் செதில் ஒட்டியிருந்தது. "இரு, பேசாதன்னு. நான் ரெண்டாவது தபா கேக்க வந்தேன், நீ வெரல காட்டுன. அதான் கேக்கல."

அப்படிச் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். ரெக்கார்டிங் ரூமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆர்ட்டிஸ்டுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை காட்டுகிற விரல், கையே தானாகத் தூக்குகிற விரல். ஒரு வாரமாக அந்தப் பதினோரு செகண்டை முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டிருக்கிறான், துணி உரசுவது கேட்டது, கட்டில் முனகியது கேட்டது, தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனதுகூடக் கேட்டது. விரல் தூக்குவதற்குச் சத்தம் கிடையாது. அவள் மூச்சு விட்டது அவனுக்காகக் காத்திருந்து அல்ல. பேசாதே என்று சொன்னதற்குப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"எடுக்க முடியாதா அத?" என்றாள்.

"கேட்டேன். ஆவாதுன்னுட்டான்."

"கேட்டியா?"

"பத்து மணிக்குக் கேட்டேன்."

"ம்," என்றாள். போனை அவன் பக்கமாகத் தரையில் தள்ளி வைத்தாள். திரையில் டிரெய்லரைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது, நாலாயிரம், நாலாயிரத்து நானூறு. அவன் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு முறத்தைத் தன்பக்கம் இழுத்து, குவியலை உள்ளங்கையால் பரப்பி, ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் பேப்பரில் போட்டாள்.